சுடுதண்ணீரை அணைத்தால் ஹீட்டிங்கும் நின்றுவிடுகிறது: கோளாறு எந்த வயரில்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு பழைய வீடு. சமையலறையில் பாய்லர். மாடியில் ஏரிங் கப்போர்டுக்குள் (துணி உலர்த்தும் அலமாரி) சுடுதண்ணீர் சிலிண்டர், பக்கத்திலேயே பம்ப், குழாயில் ஒரு மோட்டார் வால்வு, சுவரில் வயர்கள் நிரம்பிய வெள்ளைப் பெட்டி. ரேடியேட்டர் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் நேரப்படி போட்டு அணைக்கிற பழைய புரோகிராமரைக் கழற்றிவிட்டு, போனிலிருந்து இயக்குகிற புதிய ரிசீவரை மாட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஹீட்டிங்கை மட்டும் போட்டால் பாய்லர் எரிவதில்லை. சுடுதண்ணீரையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் வருகின்றன. சுடுதண்ணீர் மட்டும் என்றாலும் சிக்கல் இல்லை. பாய்லர் போய்விட்டதா, பம்பை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு வயர் மிச்சமானது, புது ரிசீவரின் படத்தில் அதற்கு இடமில்லை, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்." உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான்.

பாய்லரும் பம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. சுடுதண்ணீருக்காக ஒழுங்காக எரிகிற பாய்லர், ஹீட்டிங்குக்காக எரிய மாட்டேன் என்று அடம் பிடிக்காது. அதற்கு இரண்டும் ஒன்றுதான். தன்னை எரியச் சொல்கிற ஒரே ஒரு வயரில் 230 வோல்ட் வந்தால் எரியும், போனால் அணையும். ஹீட்டிங் மட்டும் வேண்டும் என்கிற நேரத்தில் அந்த வயருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே, யாராவது வந்து பாய்லரின் சர்க்யூட் போர்டை மாற்றலாம் என்று சொன்னால் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

சரி, முதலில் உங்கள் வீட்டு ஏற்பாடு எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் சிலிண்டர் உள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான் இருக்கும். சிலிண்டர் பக்கத்தில் இரண்டு மோட்டார் வால்வுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய்கள் என்றால் அது எஸ் பிளான். ஒரே வால்வு, அதில் மூன்று குழாய்கள் சேர்கின்றன என்றால் ஒய் பிளான். இரண்டும் ஹனிவெல் கம்பெனி வைத்த பெயர்கள். இன்று எந்தக் கம்பெனி வால்வானாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் ஒரே வால்வு என்று எழுதியிருப்பதால் ஒய் பிளான் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். குழாய்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் எஸ் பிளானிலும் இதே அறிகுறி வரும், காரணம்தான் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒய் பிளானின் மூன்று வழி வால்வு கொஞ்சம் விசித்திரமான சாமான். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த வெள்ளைப் பெட்டியைத் திறப்பதில் பயனில்லை. வால்வின் உடம்பில் மூன்று வாய்கள்: ஏபி என்பது பாய்லரிலிருந்து சூடான தண்ணீர் உள்ளே வருகிற வாய், ஏ ரேடியேட்டர்களுக்குப் போவது, பி சிலிண்டருக்குப் போவது. மின்சாரமே இல்லாதபோது உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை பி பக்கம் திறந்து வைத்திருக்கும். அதாவது சும்மா இருக்கும் வால்வு எப்போதும் சுடுதண்ணீர்ப் பக்கம்தான் திறந்திருக்கும்.

வால்வின் தலையிலிருந்து ஐந்து வயர்கள் வரும். நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். மீதி மூன்றும்தான் வேலைக்காரர்கள். வெள்ளை வயர் ரூம் தெர்மோஸ்டாட்டிலிருந்து, அதாவது அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கைக் கேட்கிற சுவிட்சிலிருந்து வருவது. அதில் மின்சாரம் வந்தால் ஹீட்டிங் வேண்டும் என்று பொருள். சாம்பல் வயரில் மின்சாரம் வந்தால் சுடுதண்ணீர் வேண்டாம் என்று பொருள். கவனியுங்கள், வேண்டும் என்பதற்கு அல்ல, வேண்டாம் என்பதற்கு. ஆரஞ்சு வயர் வால்விலிருந்து வெளியே போவது; பாய்லரையும் பம்பையும் எரியச் சொல்கிற வயர் அது.

இனி ஒவ்வொரு நிலையாகப் பார்ப்போம். சுடுதண்ணீர் மட்டும் வேண்டும் என்றால் வால்வுக்கு எந்தக் கட்டளையும் போகாது. அது இருக்கிறபடியே பி பக்கம் திறந்திருக்கும். சிலிண்டரின் சூட்டைப் பார்க்கிற சிலிண்டர் தெர்மோஸ்டாட் நேரடியாகவே பாய்லரை எரியச் சொல்லிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் வெள்ளையில் மட்டும் மின்சாரம் வரும். மோட்டார் சுற்றி, வால்வு நடுவில் வந்து நின்றுகொள்ளும். இரண்டு பக்கமும் தண்ணீர் போகும். அப்போதும் பாய்லரை எரியச் சொல்வது சிலிண்டர் தெர்மோஸ்டாட்தான், வால்வு அல்ல. ஹீட்டிங் மட்டும் வேண்டும் என்றால் வெள்ளையிலும் சாம்பலிலும் சேர்ந்து மின்சாரம் வர வேண்டும். அப்போதுதான் மோட்டார் நடுவில் நிற்காமல் ஏ பக்கத்தின் கடைசிவரை போகும். அங்கே போய்ச் சேர்ந்ததும் தலைக்குள் ஒரு சிறிய மைக்ரோசுவிட்ச் தட்டுப்படும். அந்தச் சுவிட்ச்தான் ஆரஞ்சு வயருக்கு மின்சாரம் கொடுக்கிறது.

இப்போது உங்கள் அறிகுறியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஹீட்டிங் மட்டும் போடுகிறீர்கள். வெள்ளையில் மின்சாரம் வருகிறது. சாம்பலில் வரவில்லை என்று வையுங்கள். வால்வு நடுவரை வந்து நின்றுவிடும். கடைசிவரை போகாததால் ஆரஞ்சுக்கு மின்சாரம் இல்லை. சிலிண்டர் தெர்மோஸ்டாட்டும் பாய்லரைக் கேட்கவில்லை, ஏனென்றால் சுடுதண்ணீரை அணைத்திருக்கிறீர்கள். பாய்லரைக் கேட்க ஆளே இல்லை. சுடுதண்ணீரைப் போட்டதும் சிலிண்டர் தெர்மோஸ்டாட் கேட்கிறது, பாய்லர் எரிகிறது, வால்வு ஏற்கெனவே நடுவில் இருப்பதால் ரேடியேட்டரும் சுடுகிறது. நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது.

சாம்பல் வயருக்கு மின்சாரம் இரண்டு இடங்களிலிருந்து வர வேண்டும். ஒன்று, புரோகிராமரின் 'சுடுதண்ணீர் ஆஃப்' டெர்மினல். சுடுதண்ணீர் நேரம் முடிந்ததும் அது லைவ் ஆகும், அதாவது அதில் மின்சாரம் வரும். இரண்டு, சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் மூன்றாவது கால். சிலிண்டர் போதுமான அளவு சூடானதும் அது லைவ் ஆகும். இரண்டும் வெள்ளைப் பெட்டிக்குள் ஒரே டெர்மினலில் சேர்ந்து சாம்பலுக்குப் போகும். இந்த இரண்டு வழிகளில் எது அறுந்திருக்கிறது என்பதை அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம். புரோகிராமர் வழி அறுந்தால், உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும்: சுடுதண்ணீரை அணைத்தால் ஹீட்டிங் வராது. தெர்மோஸ்டாட் வழி அறுந்தால், இரண்டையும் போட்ட கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் நன்றாக ஓடும்; சிலிண்டர் சூடானதும் ரேடியேட்டர்கள் மெல்ல ஆறிவிடும். காலையில் நன்றாக இருந்தது, குளித்து முடிப்பதற்குள் வீடு குளிர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் சாம்பல் வயரே வால்வுக்குப் போகிற வழியில் கழன்றிருக்க வேண்டும், அல்லது வால்வின் தலை பழுது.

இதை ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டையும் போடுங்கள். ரூம் தெர்மோஸ்டாட்டை நன்றாக ஏற்றி வையுங்கள். பாய்லர் எரிந்து, ரேடியேட்டர் சூடாகத் தொடங்கட்டும். இப்போது சிலிண்டரின் வயிற்றில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பட்டையால் கட்டப்பட்டிருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தேடுங்கள். அதில் இருக்கும் குமிழை, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை மெதுவாகக் கீழே திருப்புங்கள். சிலிண்டர் போதுமான அளவு சூடாகிவிட்டது என்று பொய் சொல்ல வைக்கிறோம். பாய்லர் அணையும். வால்விலிருந்து மெல்லிய உறுமல் கேட்கும். நடுவிலிருந்து ஏ பக்கம் போகிறது. பத்து இருபது வினாடிக்குள் அது போய்ச் சேர வேண்டும், பாய்லர் மறுபடி எரிய வேண்டும். சில பாய்லர்கள் அணைந்த உடனே மறுபடி எரியாமல் சில நிமிடம் காத்திருக்கும், ஆகவே அவசரப்படாதீர்கள்.

பாய்லர் மறுபடி எரிந்தால் வால்வு, மோட்டார், மைக்ரோசுவிட்ச், வெள்ளை, சாம்பல், ஆரஞ்சு எல்லாமே சரி. பழுது ஒரே இடத்தில்தான்: ரிசீவரின் 'சுடுதண்ணீர் ஆஃப்' வழி. நீங்கள் டேப் சுற்றி வைத்த வயர் அதுவாகத்தான் இருக்கும். எரியவில்லை என்றால் வால்வுத் தலை அல்லது சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் மூன்றாவது கால் மேல் சந்தேகம் திரும்பும். சோதித்து முடித்ததும் குமிழை மறக்காமல் 60 டிகிரிக்குத் திருப்பி வையுங்கள். அதற்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்தது போலாகும்.

அங்கேயே நிற்கும்போது வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லீவரையும் தொட்டுப் பாருங்கள். வால்வு ஓய்வில் இருக்கும்போது அதை நகர்த்தினால் பற்சக்கரங்களை எதிர்த்துத் தள்ளுவது போல இறுக்கமாக இருக்கும். மோட்டார் வால்வைக் கடைசிவரை கொண்டுபோன பிறகு அதே லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடும். ஹீட்டிங் மட்டும் போட்ட நிலையில் லீவர் பாதி தூரம் தொளதொளத்து, அப்புறம் இறுகினால், வால்வு நடுவில் நிற்கிறது என்று கை சொல்லிவிடும். குழாய்களும் சாட்சி சொல்லும், ஆனால் அவை ஆறுவதற்கு நேரம் எடுக்கும்.

சரி, திறந்து பார்க்க வேண்டிய கட்டம். ஹீட்டிங் கட்டுப்பாடுகள் எல்லாமே ஒரே ஒரு ஃபியூஸ் வைத்த சுவிட்சிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அதில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் பாய்லருக்கு ஒரு சுவிட்ச், மாடியில் புரோகிராமருக்கு வேறு சுவிட்ச் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றை அணைத்தாலும் மற்றதன் லைவ் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். சிலிண்டரின் தலையில் இருக்கும், மின்சாரத்தாலேயே தண்ணீரைச் சூடாக்குகிற இமர்ஷன் ஹீட்டருக்குத் தனி சர்க்யூட், தனி சுவிட்ச்; அதை அணைத்துவிட்டு ஹீட்டிங் வயரைத் தொடுகிறவர்களும் உண்டு. சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு முனை டெஸ்டரை மின்சாரம் இருக்கிற ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பெட்டிக்குள் ஒவ்வொரு டெர்மினலையும் சோதித்து, முடிவில் டெஸ்டரை மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துச் சரிபாருங்கள். இதில் ஒரு படிகூடத் தேவையற்றது அல்ல.

உங்கள் டேப் சுற்றிய வயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எதனுடனும் இணைக்கப்படாததால் செத்த வயர் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. அதன் மறுமுனை வெள்ளைப் பெட்டிக்குள் சாம்பலோடும் சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் மூன்றாவது காலோடும் சேர்ந்திருக்கிறது. சுடுதண்ணீர் ஓடி, சிலிண்டர் சூடான நேரங்களில் எல்லாம் அந்த டேப்புக்குள் முழு 230 வோல்ட் இருக்கும். அதைச் சரிசெய்யும்வரை குறைந்தது ஒரு டெர்மினல் பிளாக்காவது மாட்டி வையுங்கள். வெறும் டேப் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும்.

மின்சாரத்தோடு அளக்க உங்களுக்குப் பழக்கம் இருந்தால் மட்டும் அடுத்தது. பழக்கம் இல்லையென்றால் இந்தப் பத்தியை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், அவருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். சுடுதண்ணீர் ஆஃப், ஹீட்டிங் ஆன், ரூம் தெர்மோஸ்டாட் உயரத்தில். டெஸ்டரின் ஒரு முனை நியூட்ரல் டெர்மினலில். மறுமுனையை வெள்ளையில் வைத்தால் 230 இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிசீவருக்கும் ரூம் தெர்மோஸ்டாட்டுக்கும் இடையே தேடுங்கள். சாம்பலிலும் 230 இருக்க வேண்டும்; வெள்ளையில் இருந்து சாம்பலில் இல்லையென்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற கோளாறு இதுதான். இரண்டிலும் இருந்து, அரை நிமிடம் கழித்தும் ஆரஞ்சில் வரவில்லை என்றால் வால்வுத் தலை போய்விட்டது. ஆரஞ்சிலும் வந்து பாய்லர் எரியவில்லை என்றால் மட்டுமே பாய்லர் பக்கம் திரும்ப வேண்டும். இந்த வரிசையை மாற்றி எங்கிருந்தோ தொடங்குவதால்தான் நல்ல பாகங்கள் பல குப்பைக்குப் போகின்றன.

அளக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்த வேலையில் ஆளை ஏமாற்றும். எதிலும் இணையாத வயர், லைவ் வயர்களோடு ஒரே கேபிளில் நீளமாக ஓடும்போது அதில் ஒரு போலி வோல்ட் தோன்றும். மீட்டர் 60, 80 என்று ஏதாவது காட்டும். வால்வுத் தலைக்குள் டையோடும் ரெசிஸ்டரும் இருப்பதால் அதன் வழியாகவும் இரண்டுங்கெட்டான் அளவுகள் வரலாம். சாம்பலில் 90 வோல்ட் இருக்கிறது, அப்படியானால் வயர் நன்றாக இருக்கிறது, ஆனால் வோல்ட் குறைவாக வருகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த வயரிங்கில் 230 இருக்கும், அல்லது இருக்காது. இடைப்பட்ட எண் எதுவானாலும் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போங்கள். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் இரண்டு முனை டெஸ்டர் கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துப் பார்ப்பதால் இந்தப் போலியிடம் ஏமாறாது. நியான் ஸ்குரூடிரைவர் இங்கே வேண்டவே வேண்டாம். அது எரிந்தாலும் நம்ப முடியாது, எரியாவிட்டால் அதைவிட ஆபத்து.

இனி உங்கள் ரிசீவர். பிரிட்டனில் விற்கும் பெரும்பாலான புரோகிராமர்களின் பின்தகடு ஒரே அமைப்பில் இருக்கும்: நியூட்ரல், லைவ், பிறகு 1 முதல் 4 வரை எண்கள். ஒன்று சுடுதண்ணீர் ஆஃப், இரண்டு ஹீட்டிங் ஆஃப், மூன்று சுடுதண்ணீர் ஆன், நான்கு ஹீட்டிங் ஆன். எஸ் பிளான் வீட்டில் ஒன்றும் இரண்டும் காலியாகவே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் மாட்டும் முறைப் படங்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு மேல் எஸ் பிளானுக்கானவை என்பது என் எண்ணம். அதைப் பார்த்து ஒய் பிளான் வீட்டில் மாட்டினால் ஒன்றாம் எண்ணுக்குப் போக வேண்டிய வயர் கையில் மிஞ்சும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பழைய புரோகிராமரைக் கழற்றுமுன் போட்டோ எடுத்திருந்தால் தேடிப் பாருங்கள். மிச்சமான வயர் அதில் 1 என்ற டெர்மினலில் இருந்தால் விஷயம் முடிந்தது. புதிய ரிசீவரிலும் அதை 'சுடுதண்ணீர் ஆஃப்' டெர்மினலில் மாட்டினால் போதும்.

போட்டோ இல்லையென்றால், மின்சாரத்தை அணைத்து உறுதி செய்தபின், அந்த வயரின் மறுமுனை வெள்ளைப் பெட்டியில் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சத்தத்தை வைத்துப் பாருங்கள். வால்வின் சாம்பல் வயர் இருக்கும் டெர்மினலில் சத்தம் வந்தால் அதுவேதான். பார்க்காமல் ஊகித்து மாட்டக் கூடாது. மிச்சமான வயர் ஒருவேளை ரூம் தெர்மோஸ்டாட்டின் பழைய நியூட்ரலாக இருந்தால், அதை லைவ் ஆகிற டெர்மினலில் செருகிய கணமே ஃபியூஸ் போகும். போனால் 3 ஆம்பியருக்குப் பதில் 13 ஆம்பியர் போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சில ரிசீவர்கள் வேறு மாதிரி. அவற்றின் சுவிட்சுகள் உள்ளே லைவோடு இணைக்கப்பட்டிருக்காது; வெறும் தொடர்பு மட்டும்தான். எடுத்துக்காட்டாக மூன்றாம் தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டோடு வரும் ரிசீவரான ஹீட் லிங்க்கில் 1, 2, 3 ஹீட்டிங்குக்கு, 4, 5, 6 சுடுதண்ணீருக்கு. 2, 5 இரண்டும் பொதுக் கால்கள். இவற்றுக்கு லைவிலிருந்து ஒரு சின்ன இணைப்பு வயர் போட்டால்தான் 3, 6 வழியே எதுவும் வெளியே வரும். 4 என்பது அதில் சுடுதண்ணீர் போதும் என்கிற கால். ஒய் பிளானில் உங்கள் சாம்பல் வழி அங்கேதான் போக வேண்டும்.

எஸ் பிளான் வீடாக இருந்து இதே அறிகுறி வந்திருந்தால் என்ன? அங்கே ஹீட்டிங்குக்கு ஒரு வால்வு, சுடுதண்ணீருக்கு ஒரு வால்வு. ஒவ்வொன்றும் திறந்து முடித்ததும் தன் மைக்ரோசுவிட்ச் வழியாகப் பாய்லரைக் கேட்கும். ஹீட்டிங் வால்வு திறக்கிறது, ஆனால் அதன் சுவிட்ச் தட்டவில்லை என்றால், ஹீட்டிங் மட்டும் போட்டால் பாய்லர் வராது. சுடுதண்ணீர் வால்வு பாய்லரைக் கேட்டதும் திறந்திருக்கும் ஹீட்டிங் வால்வு வழியாக ரேடியேட்டரும் சுடும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் உங்கள் கோளாறுதான். அங்கே மாற்ற வேண்டியது ஹீட்டிங் வால்வின் தலை. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது: எஸ் பிளான் வால்விலும் சாம்பல் வயர் உண்டு, ஆனால் அது நிரந்தர லைவ். எல்லாவற்றையும் ஆஃப் செய்திருந்தாலும் அதில் 230 இருக்கும். மோட்டாரை ஓட்டுவது பழுப்பு வயர். ஒரு பிளானின் நிறங்களை மனதில் வைத்துக்கொண்டு மற்றதன் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

நிறம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2004 முதல் பழுப்பு, நீல வயர்கள் புழக்கத்துக்கு வந்து, 2006 ஏப்ரல் 1 முதல் புதிய வேலைகளுக்கு அவை கட்டாயமாயின. அதற்கு முந்தைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். ஆனால் ஹீட்டிங் வயரிங்கில் கறுப்போ நீலமோ நியூட்ரலாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பவே முடியாது. தெர்மோஸ்டாட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற லைவ்கூடக் கறுப்பாகத்தான் இருக்கும். அதன் நுனியில் சிவப்பு அல்லது பழுப்பு உறை மாட்ட வேண்டும் என்பது விதி, மாட்டியிருப்பவர்கள் குறைவு. பச்சை மஞ்சள் வயரை லைவாகப் பயன்படுத்தியிருப்பதைக் கண்டால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

வால்வுத் தலைதான் பழுது என்று முடிவானால் அது பெரிய செலவு இல்லை. ஹனிவெல் வால்வுகளில் மூடியின்மேல் ஒரு சிறு புடைப்பு இருந்தால், குழாய்த் தண்ணீரை வடிக்காமலேயே தலையை மட்டும் கழற்றி மாற்றலாம். தலையை எடுத்ததும் தெரிகிற தண்டை விரலாலோ குறடாலோ மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் உடம்பு நன்றாக இருக்கிறது. துருவேறி இறுகியிருந்தால் புதுத் தலையும் சீக்கிரமே அதே கதிக்கு வரும், உடம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்குத் தண்ணீரை வடிக்க வேண்டும். மோட்டாரை மட்டும் தனியாக வாங்கியும் மாற்றலாம். ஆனால் உங்கள் அறிகுறியில் மோட்டார் குற்றவாளி அல்ல. அது சுற்றாவிட்டால் நடுவுக்கே வந்திருக்காது, ரேடியேட்டர் எப்போதுமே சுட்டிருக்காது.

பக்கத்துக் கோளாறுகள் சிலவற்றையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஒன்றைத் தேடும்போது இன்னொன்று கண்ணில் படும். சுடுதண்ணீர் மட்டும் போட்டாலும் ரேடியேட்டர் சுடுகிறது என்றால் வயரைத் தேட வேண்டாம். வால்வு நடுவில் சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து ஏ வாய் முழுதாக மூடவில்லை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பாய்லர் எரிந்துகொண்டே இருந்தால், மின்சாரத்தை அணைத்து, வால்வின் ஆரஞ்சு வயரை மட்டும் பெட்டியிலிருந்து பிரித்து, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பாய்லர் நின்றுவிட்டால் வால்வின் மைக்ரோசுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாய்லர் அணைந்தபின் பம்ப் மட்டும் சில நிமிடம் ஓடினால் அது கோளாறே இல்லை. பல பாய்லர்கள் மிச்சச் சூட்டைக் கடத்திவிட அப்படித்தான் செய்யும். அந்த வகை பாய்லரில் பம்பை ஆரஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தால்தான் தவறு. பம்ப் பாய்லரின் சொந்த டெர்மினலில் இருக்க வேண்டும், பாய்லருக்கு நிரந்தர லைவும் போக வேண்டும். அப்புறம், ஒய் பிளான் வால்வின் தலை இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சுடுதண்ணீர் ஆஃப் ஆக இருக்கும் நேரமெல்லாம் சாம்பல் வயர் அந்த மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கும்.

யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பாய்லரின் உறையைத் திறந்து கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் தொட வேண்டும் என்றால் கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. உங்கள் கோளாறு இருப்பது பாய்லருக்கு வெளியே. ஹீட்டிங் கட்டுப்பாடுகள் தெரிந்த எலெக்ட்ரீஷியன் போதும். தெரிந்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டு வயரிங்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும் சாம்பல் வயர் என்ன செய்கிறது என்று கேட்டால் விழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போனில் பேசும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சாத்தியம் மட்டும் பாக்கி. உங்கள் ரிசீவரில் 'சுடுதண்ணீர் ஆஃப்' என்ற டெர்மினலே இல்லாமல் இருக்கலாம். சில மலிவான இரட்டைச் சேனல் ரிசீவர்களில் ஆன் மட்டும்தான் உண்டு. அப்படியானால் அந்த வயரைக் கொண்டுபோய் நிரந்தர லைவில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அப்புறம் சுடுதண்ணீரும் ஹீட்டிங்கும் ஒன்றாக ஓடும்போது வால்வு நடுவில் நிற்காமல் ஏ பக்கம் போய்விடும், சிலிண்டர் சூடாகாது. அந்த டெர்மினல் உள்ள ரிசீவராக மாற்றிக்கொள்வது சுலபம். அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 230 வோல்ட் சுருள் உள்ள ஒரு ரிலே (மின்சாரத்தால் மாறுகிற சுவிட்ச்) போதும்: ரிசீவரின் சுடுதண்ணீர் ஆன் வயர் சுருளுக்கு மட்டும்; லைவிலிருந்து 'சாதாரணமாக மூடிய' கால் வழியாகச் சாம்பல் டெர்மினலுக்கு, 'சாதாரணமாகத் திறந்த' கால் வழியாகச் சிலிண்டர் தெர்மோஸ்டாட்டுக்கு. சுடுதண்ணீர் ஓடும்போது ரிலே சாம்பல் வழியைத் துண்டிக்கும், நின்றதும் சேர்க்கும். ரிலேயை வெள்ளைப் பெட்டிக்குள் திணிக்காமல் தனியாக மூடியுள்ள ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், அதற்கும் மின்சாரம் அதே 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகவே வர வேண்டும்.